40-க்கு 80 அடி டைனிங் ஹாலில் எத்தனை இலை போடலாம்? வரவேற்புப் பந்திக்கு மேசை, நாற்காலிக் கணக்கு

மண்டபம் பார்க்கப் போனால் மேலாளர் முதலில் சொல்வது வாடகை. அடுத்துச் சொல்வது, "ஒரு பந்திக்கு 200 பேர் தாராளமா உட்காரலாம்." வாடகையில் பேரம் பேசுகிறோம். அந்த 200 எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வரவேற்பு அன்று இரவு ஒன்பது மணிக்கு, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

இந்தக் கட்டுரைக்கு 40 அடி அகலம், 80 அடி நீளம் உள்ள ஒரு டைனிங் ஹாலை எடுத்துக்கொள்வோம். ஊர்களில் நடுத்தர மண்டபங்களில் பார்க்கக்கூடிய அளவுதான். இதில் 6 அடி மேசைகளை ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து மேசை, மேசைக்கு நான்கு பேர் என்று போட்டால் 200 வரும். மேலாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் 6 அடியில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 18 அங்குலம். பந்தியில் போடுகிற நுனி இலையே ஏறத்தாழ 2 அடி, அதாவது 24 அங்குலம் நீளம். கணக்கு இங்கேயே இடிக்கிறது.

இலையிலிருந்து தொடங்குங்கள்

இலைச் சாப்பாட்டில் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பதை இலைதான் முடிவு செய்கிறது. நுனி இடப்பக்கம் வரும்படி இலையைக் குறுக்காகப் போடுகிறோம். 24 அங்குல இலைக்கு 24 அங்குல மேசை வேண்டும். ஆகவே 6 அடி மேசைக்கு மூன்று பேர். நான்கு பேரை உட்கார வைத்தால் ஒருவர் இலையின் நுனி பக்கத்து இலையின் மேல் ஏறும். இல்லையென்றால் இலையை மடக்க வேண்டும். மடக்கிய இலையில் ரசம் நிற்காது. சிலர் இதற்காகவே சிறிய ஏட்டு இலை வாங்கிவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் இலையில் பதினைந்து பதார்த்தம் வைக்கப் போகிறீர்கள் என்றால் இடம் போதாது. சமையல் கான்ட்ராக்டரிடம் மெனு பேசும்போதே இலை அளவையும் பேசிவிடுங்கள். 8, 9 பதார்த்தம் உள்ள எளிய சாப்பாடு என்றால் 18 அங்குல இலை போதும். அப்போதும் நான்கு பேருக்குத் தோள் இடிக்கும் என்பது வேறு விஷயம்.

மேசையின் அகலமும் இலையை வைத்துத்தான். இலையின் அகலம் சுமார் ஒரு அடி. அதற்கு மேல் தண்ணீர் பாட்டில், பாயசக் கப், ஐஸ்கிரீம் வைக்க அரை அடி. மொத்தம் ஒன்றரை அடி. பந்திக்கு இதுதான் சரியான அகலம். இரண்டரை அடி அகல மேசையைப் பார்த்து "பரவாயில்லையே, விசாலமா இருக்கே" என்று எடுத்துவிடாதீர்கள். பரிமாறுகிறவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். அவர் கை இலைக்கு மேலே எட்ட வேண்டும். ஒன்றரை அடி என்றால் லேசாகக் குனிந்தால் போதும். இரண்டரை அடி என்றால் மேசை மேல் சாய்ந்து, கரண்டியை நீட்டி ஊற்ற வேண்டும். சாம்பார் வழிநெடுகச் சொட்டும். ஐந்தாவது இலைக்கு அவர் இடுப்பு வலிக்கத் தொடங்கும், ஐம்பதாவது இலைக்குப் பரிமாறும் வேகம் பாதியாகிவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை மேசை இரண்டரை அடி, நாற்காலியின் உட்காரும் பலகை ஒன்றரை அடி. இதில் கவனிக்க வேண்டியது எல்லா மேசையும் ஒரே உயரமா என்பதுதான். மண்டப மேசை போதாமல் வாடகைக் கடையில் பத்து மேசை எடுத்தால் ஓரிரு அங்குலம் வித்தியாசம் வரும். இரண்டு வகையையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். இணைப்பில் படி விழும், விரித்த பேப்பர் ரோல் அங்கே கிழியும், இலை சாயும். வாடகை மேசைகளைத் தனி வரிசையாகவே போட்டுவிடுங்கள்.

நாற்காலி கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஏறத்தாழ 22, 23 அங்குல அகலம். மூன்று போட்டால் 72 அங்குல மேசைக்கு 69 அங்குலம் போய்விடும். போட்டுவிடலாம், ஆனால் பட்டுப்புடவை கட்டியவர் நடுவில் உள்ள நாற்காலிக்குள் நுழைந்து உட்கார முடியாது. நாற்காலியைப் பின்னால் இழுத்தால் நிற்பவர் காலில் இடிக்கும். கைப்பிடி இல்லாதது 18 அங்குலம்தான், இடையில் 6 அங்குலம் மிஞ்சும். துணி உறை போட்ட நாற்காலிகளை மேடை ஹாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலைச் சாப்பாட்டு ஹாலில் அவை முதல் பந்தியிலேயே கறைபடும். கறைபட்ட உறைக்குச் சலவைக்கூலி பில்லில் ஏறும்.

இன்னொரு சின்ன விஷயம். மடக்கு மேசைகளுக்குக் கால் இரண்டு முனையிலும் இருக்கும். இரண்டு மேசை சேரும் இடத்தில் இரண்டு ஜோடிக் கால். அங்கே யாரும் உட்கார முடியாது, முட்டி இடிக்கும். மேசைக்கு மூன்று என்றால் யாரும் இணைப்பில் வரமாட்டார்கள். இரண்டு மேசைக்கு ஏழு என்று திணித்தால் நடுவில் ஒருவர் கட்டாயம் மாட்டிக்கொள்வார்.

வாளி போகும் வழி

ஹாலைத் தின்பது மேசையல்ல, வழிகள். இரண்டு வகை வழி வேண்டும்: பரிமாறும் வழி ஒன்று, விருந்தினர் வந்து போகும் வழி ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் பந்தி கெடும்.

சரியான அமைப்பு இது. இரண்டு வரிசை மேசைகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கும். நடுவில் பரிமாறும் வழி. விருந்தினர் வெளிப்பக்கம் உட்காருவார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் விருந்தினர் வழி.

பரிமாறும் வழி 4 அடி. வாளியோடு ஒருவர் இலையின் மேல் குனிந்து நிற்கும்போது இன்னொருவர் வாளியோடு பின்னால் போக இந்த அளவு வேண்டும். 3 அடியில் முடியும், ஆனால் எல்லோரும் ஒரே திசையில் போய் மறுமுனை வழியாகச் சுற்றிவர வேண்டும். அவசரத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், முட்டிக்கொள்வார்கள். 5 அடி கிடைத்தால் பாக்கியம்.

மேசை ஓரத்திலிருந்து, உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி முதுகு வரை 2½ அடி. அதற்குப் பின்னால் விருந்தினர் வழி 3 அடி. அடுத்த பந்திக்கு இடம் பிடித்து நிற்பவர்களை வாசலில் நிறுத்தத்தான் பார்க்கிறோம், ஆனாலும் பத்துப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள். இந்த 3 அடி இல்லையென்றால் அவர்கள் சாப்பிடுகிறவரின் தோள்மேலேயே நிற்பார்கள்.

ஆக ஒரு ஜோடி வரிசைக்கு அகலவாக்கில்: நாற்காலி 2½, மேசை 1½, பரிமாறும் வழி 4, மேசை 1½, நாற்காலி 2½. மொத்தம் 12 அடி. ஒவ்வொரு ஜோடிக்கும் இரு பக்கமும் 3 அடி விருந்தினர் வழி.

நம் 40 அடி ஹாலில் இரண்டு ஜோடி போட்டால் 3 + 12 + 3 + 12 + 3 = 33 அடி. மீதம் 7 அடி. மூன்றாவது ஜோடிக்கு 48 அடி வேண்டும், வராது. மீதமுள்ள 7 அடியில் ஒற்றை வரிசை ஒன்றைச் சுவரைப் பார்த்தபடி போடலாம்: நாற்காலி 2½, மேசை 1½, சுவரோரம் பரிமாற 3½. இது 7½ அடி. எதிர்ச்சுவரோர வழியை 3-லிருந்து 2½ ஆக்கினால் சரியாக 40 அடி. காகிதத்தில் கச்சிதம். சுவரில் ஒரு அடி தூண் துருத்தியிருந்தாலோ, ஸ்டாண்ட் ஃபேன் நிறுத்த வேண்டியிருந்தாலோ அந்த வரிசை நிற்காது. அதனால்தான் ஹாலை நேரில் அளக்கச் சொல்கிறோம்.

நீளவாக்கில் 80 அடி. சமையல்கட்டுப் பக்கம் 8 அடி விடுங்கள், வாளி நிரப்பும் மேசைகள் அங்கே வரும். கை கழுவும் பக்கம் 8 அடி. மீதம் 64. அதில் ஐந்து மேசை 30 அடி, நடுவில் 4 அடி இடைவெளி, மறுபடி ஐந்து மேசை 30 அடி. அந்த நடு இடைவெளியை மேலாளர் வீண் என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். 60 அடி தொடர் வரிசையில் நடுவில் ஒருவர் "அப்பளம்" என்று கேட்டால், அப்பளக்காரர் பக்கத்து வழியிலிருந்து வர முழு வரிசையையும் சுற்ற வேண்டும். இடைவெளி இருந்தால் குறுக்கே வந்துவிடுவார். இலை எடுக்கும் வண்டிக்கும் அதுதான் பாதை.

இப்போது எண்ணிக்கை: வரிசைக்கு 30 பேர். நான்கு வரிசை என்றால் 120. ஐந்தாவது வரிசையும் நின்றால் 150. மேலாளர் சொன்ன 200 இங்கே 120-க்கும் 150-க்கும் இடையே வந்து நிற்கிறது.

சில மண்டபங்களில் இரண்டு மேசையை முதுகோடு முதுகு ஒட்டி 3 அடி அகலமாக்கி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள். அப்படிப் போட்டால் ஒரு கட்டுக்கு 8 அடிதான், அதே ஹாலில் ஆறு வரிசை, 180 பேர் உட்காரலாம். இலைச் சாப்பாட்டுக்கு இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பரிமாறும் வழியே இல்லாததால் பின்னாலிருந்து தோளுக்கு மேலாகப் பரிமாற வேண்டும். சூடான சாம்பார் வாளி குழந்தையின் தலைக்கு மேல் போகும். தட்டில் எடுத்துவந்து சாப்பிடும் பஃபேக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்தும்.

கிரானைட் பலகையை நிரந்தரமாகப் பதித்த ஹால்களில் நீங்கள் எதையும் மாற்ற முடியாது. இடைவெளியை அளந்து, பரிமாறும் வழி மூன்றரை அடிக்குக் குறைந்தால் பரிமாறும் ஆட்களைக் கூட்டாதீர்கள், பதார்த்தத்தைக் குறையுங்கள். நெரிசலில் ஆள் கூடக்கூட வேகம் குறையும்.

இருக்கை எத்தனை என்பதைவிட, மணிக்கு எத்தனை பேர்

பந்திக்கு 150 என்று தெரிந்ததும் பலர் அதை நான்கால் பெருக்கி "600 பேருக்குச் சரி" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எல்லோரும் சமமாகப் பிரிந்து வருவதில்லை, அங்கேதான் சிக்கல்.

ஒரு பந்தி சுற்றிவர ஆகும் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். வந்து உட்கார 4, 5 நிமிடம். சாப்பிட 25 நிமிடம். எழுந்ததும் இலை எடுத்து, பேப்பர் சுருட்டி, துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, இலை போட்டு, உப்பு ஊறுகாய் வைக்க 10 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். மணிக்கு ஒன்றரைப் பந்தி.

அடுத்து, எல்லா இருக்கையும் நிரம்பாது. நான்கு பேர் குடும்பம் மூன்று இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகும். அந்த மூன்றில் இருவர் உட்கார, ஒன்று காலியாகவே இருக்கும். பத்தில் ஒன்று காலி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக 150 இருக்கை என்பது 135 பேர். மணிக்கு ஒன்றரைப் பந்தி என்றால் ஏறத்தாழ 200 பேர். 120 இருக்கை என்றால் 160 பேர்.

இப்போது வருகை. 600 பேர் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறரையிலிருந்து ஏழரைக்குள் 120, ஏழரையிலிருந்து எட்டரைக்குள் 270, எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் 180, அதற்குமேல் 30. வேலைநாள் மாலை வரவேற்பு ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் போகும். முகூர்த்த நாளும் ஞாயிறும் சேர்ந்தால் கூட்டம் முன்னதாக வரும்.

150 இருக்கையோடு: முதல் மணி நேரம் பிரச்சினை இல்லை. எட்டரைக்கு 70 பேர் காத்திருப்பார்கள். ஒன்பதரைக்கு 50 பேர். பத்து மணி வாக்கில் முடியும். 120 இருக்கையோடு: எட்டரைக்கு 110 பேர் நிற்பார்கள், ஒன்பதரைக்கு 130. பந்தி முடியப் பத்தரை தாண்டும். முப்பது இருக்கைதான் வித்தியாசம், ஆனால் ஒன்பதரைக்கு நிற்கிற கூட்டம் இரண்டு மடங்குக்குமேல் ஆகிறது.

சரி, 200 பேரைத் திணித்தால்? மேசைக்கு நான்கு இலை போட்டாலும், பெரியவர்கள் இருவர் உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒருவரே சேருவார். 165 பேர் உட்காருவதே அதிகம். நெருக்கத்தில் பரிமாறுவதும் எழுந்து போவதும் மெதுவாகி, சுற்று 50 நிமிடம் ஆகிவிட்டது என்று வையுங்கள். மணிக்கு 198 பேர். 150 இருக்கையை வசதியாகப் போட்டபோது கிடைத்ததும் இதேதான். வந்தவர்களைத் தோளோடு தோள் இடிக்கவைத்துச் சாப்பாடு போட்டு, ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை.

வேகம் வேண்டுமென்றால் இருக்கையில் கைவைக்காமல் அந்தப் பத்து நிமிடத்தில் கைவையுங்கள். வரிசைக்கு இருவர் இலை எடுக்க, ஒருவர் துடைக்க, இருவர் பேப்பரும் இலையும் போட என்று ஆள் பிரித்துவிட்டால் ஆறு நிமிடத்தில் ஒரு வரிசை தயாராகும். சுற்று 36 நிமிடமாகும். 150 இருக்கையில் மணிக்கு 225 பேர் சாப்பிடலாம். மேலதிகமாக ஐந்தாறு ஆள் கூலி, அவ்வளவே செலவு.

அதைவிடச் சிறந்த வழி, ஹால் முழுவதையும் ஒரே பந்தியாக நடத்தாமல் ஜோடி ஜோடியாக நடத்துவது. முதல் ஜோடி நிரம்பியதும் பரிமாறத் தொடங்குங்கள், பத்து நிமிடம் கழித்து இரண்டாவது ஜோடியைத் திறங்கள். கை கழுவும் இடத்தில் 135 பேர் ஒரே நேரத்தில் குவியமாட்டார்கள். சமையல்கட்டுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் இதற்கு வாசலில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். "இந்தப் பக்கம் வாங்க, அந்த வரிசை இன்னும் பத்து நிமிஷம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்த உறவினர் ஒருவர். மண்டப ஊழியர் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், மாமாவோ சித்தப்பாவோ சொன்னால் கேட்பார்கள்.

கை கழுவும் குழாயைச் சொன்னேன் அல்லவா. 120 பேர் எழுந்தால், பத்துக் குழாய் இருந்தால் குழாய்க்கு 12 பேர், ஆளுக்கு 25 விநாடி, ஐந்து நிமிடத்தில் முடியும். ஐந்து குழாய்தான் என்றால் பத்து நிமிடம், வரிசை மேசை வரை நீளும். அந்த வரிசையே அடுத்த பந்தியைத் தடுக்கும். மண்டபம் பார்க்கப் போகும்போது குழாயை எண்ணுங்கள், எத்தனை வேலை செய்கிறது என்று திறந்தும் பாருங்கள். உள்ளே வரும் வாசலும் கை கழுவி வெளியே போகும் வாசலும் வேறு வேறாக இருப்பது நல்லது.

ஆளும் பொருளும்

60 இலை உள்ள ஒரு ஜோடி வழிக்கு எட்டுப் பேர் பரிமாற வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் 30 இலைக்குப் போட்டபடி போய், மறுபக்கம் 30 இலைக்குப் போட்டபடி திரும்புவார். பதார்த்தம் பதினெட்டு என்றால் ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று. சாதம், சாம்பார் எடுப்பவருக்கு வேறு பதார்த்தம் கொடுக்காதீர்கள். இவர்களைத் தவிர, தண்ணீர் பாட்டிலுக்கு ஒருவர்.

பேப்பர் ரோல்: வரிசைக்கு 60 அடி. ஐந்து வரிசைக்கு 300 அடி. ஐந்து பந்திக்கு 1,500 அடி, ஏறத்தாழ 460 மீட்டர். கிழிசலும் சேர்த்து 500 மீட்டர் வாங்குங்கள். மேசை 50, நாற்காலி 150 என்பது கணக்கு. மேசை நான்கும் நாற்காலி பத்தும் கூடுதலாக ஓரமாக நிற்கட்டும். கால் ஆடும் மேசை எப்போதும் முதல் பந்தி நடக்கும்போதுதான் தெரியும்.

கடைசிப் பந்திக்கு இலையை முன்கூட்டியே எல்லா இடத்திலும் போடவேண்டாம். கான்ட்ராக்டர் இலைக்கணக்கில்தான் பில் போடுவார். வாசலில் தலையை எண்ணி, அந்த அளவு வரிசையை மட்டும் திறங்கள்.

ஒவ்வொரு ஜோடியிலும் வாசலுக்கு அருகே உள்ள கடைசி மேசையில் ஒரு நாற்காலியை எடுத்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், தடி ஊன்றி வரும் பாட்டிக்கும் அந்த இடம். டைனிங் ஹால் கீழே, மேடை மாடியில் என்றால் லிஃப்ட் எங்கே திறக்கிறதோ அதற்கு நேராக அந்த மேசை வரவேண்டும்.

பஃபே என்றால் வட்ட மேசை

வட்ட மேசையில் கணக்கு சுற்றளவிலிருந்து வரும். 5 அடி விட்டமுள்ள மேசையின் சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 23½ அங்குலம், சரியாக இருக்கும். 6 அடி மேசை என்றால் பத்துப் பேர், ஆளுக்கு 22½. 4 அடி மேசைக்கு ஆறு பேர், ஆளுக்கு 25. மேசைக்கு மேசை 5 அடி இடைவெளி விடுங்கள்: இரண்டு பக்கமும் நாற்காலி ஒன்றரை ஒன்றரை, நடுவில் தட்டோடு நடக்க 2 அடி.

நம் ஹாலில் 20 அடியை பஃபே கவுண்டருக்கு ஒதுக்கினால் மீதம் 40-க்கு 60 அடி. 5 அடி மேசை ஒவ்வொன்றும் 10-க்கு 10 அடி எடுக்கும். 24 மேசை, 192 இருக்கை. பந்தியைவிட அதிகம் என்று தோன்றும். ஆனால் நம்மூரில் ஒரு குடும்பம் உட்கார்ந்த வட்ட மேசையில் தெரியாதவர்கள் போய் உட்காரமாட்டார்கள். எட்டுப் பேர் மேசையில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள், நிஜத்தில் 130 பேர். பஃபேயில் எழுந்து போய் எடுத்து வருவதாலும் பேச்சு நீள்வதாலும் ஒரு இருக்கை காலியாக 45 நிமிடம் ஆகும். 10 பேர் மேசைகள் இன்னும் மோசம், அலுவலக நண்பர் கூட்டத்துக்கு இரண்டு, மூன்று போட்டால் போதும். மீதியெல்லாம் 5 அடி, ஓரங்களில் சில 4 அடி.

கவுண்டரைச் சுவரோடு ஒட்டாதீர்கள். பின்னால் ஆட்கள் பதார்த்தம் நிரப்ப 3 அடி, முன்னால் வரிசை நிற்க 5 அடி. தோசை, பரோட்டா போன்ற சுடச்சுடப் போடும் கவுண்டர்களைத் தனியாகத் தள்ளி வையுங்கள். அங்கே வரிசை நின்றால் சாதம் எடுக்க வந்தவரும் மாட்டிக்கொள்வார்.

மேடை ஹாலில் நாற்காலி குறைவாகவே போதும்

600 பேர் அழைத்தோம் என்று 600 நாற்காலி போடுவது வழக்கமான தவறு. உச்ச நேரத்தில் மணிக்கு 270 பேர் வருகிறார்கள், ஒருவர் ஒன்றரை மணி நேரம் இருக்கிறார் என்றால் மண்டபத்துக்குள் ஒரே நேரத்தில் 405 பேர். அதில் 135 பேர் பந்தியில், 60 பேர் மேடைக்கான வரிசையில். மீதம் 210. இடையில் காலி விழுவதையும் சேர்த்து 260 நாற்காலி. முகூர்த்தத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் ஒரே ஹாலில் இருப்பார்கள்.

மிச்சமாகும் இடத்தை மேடை வரிசைக்குக் கொடுங்கள். பக்கச் சுவரோரம் 5 அடி, நடுவழி 6 அடி, மேடைக்கு முன்னால் கேமரா, லைட்டுக்கு 10 அடி. வரிசைக்கு வரிசை 3 அடி, ஒரு தொடரில் பத்து நாற்காலிக்குமேல் வேண்டாம். வெளியேறும் கதவுக்கு முன்னால் எதையும் போடாதீர்கள், பூ அலங்கார வளைவையும்தான்.

மேடையின் வேகம் பந்தியையும் ஆட்டும். ஒரு குடும்பம் ஏறி, பரிசு கொடுத்து, படம் எடுத்து இறங்க 40 விநாடி என்றால் மணிக்கு 90 குடும்பம், குடும்பத்துக்கு மூன்று பேர் என்றால் 270 பேர். வருகைக்குச் சரியாக ஈடுகொடுக்கும். போட்டோகிராபர் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் எடுத்தால் வரிசை வாசல் வரை நீளும். மக்கள் "முதல்ல சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்று கீழே இறங்குவார்கள், பந்தி வாசலில் திடீரென்று 150 பேர் குவிவார்கள். போட்டோகிராபரிடம் இதை முன்பே பேசிவிடுங்கள்.

அளப்பது, வரைவது, உட்கார்ந்து பார்ப்பது

முன்பணம் கொடுப்பதற்கு முன் 100 அடி டேப்போடு போங்கள். தூணுக்குத் தூண், உள்பக்கம் திறக்கும் கதவு, தண்ணீர் வடியும் கால்வாய், ஃபேன் இடம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வரைந்து, மேசையை அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். மேசையின் உண்மையான நீளத்தையும் அளங்கள். ஆறு அடி என்பார்கள், ஐந்தே முக்கால் இருக்கும். பத்து மேசையில் இரண்டரை அடி வித்தியாசம்.

பிறகு அங்கேயே மூன்று மேசையை ஒரு பக்கம், மூன்றை எதிர்ப்பக்கம் போடச் சொல்லுங்கள். கூடவே வந்தவர்களை உட்கார வையுங்கள். மேசைக்கு மூன்று பேர், நாற்காலியோடு. தண்ணீர் நிரப்பிய வாளியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடுவழியில் எதிரெதிரே நடக்கட்டும். இடித்தால் அரை அடி கூட்டுங்கள். இடிக்காத அகலம் வந்ததும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்த அளவை வரைபடத்தில் எழுதி, ஒரு பிரதியை மண்டப மேலாளரிடமும் ஒன்றைச் சமையல் கான்ட்ராக்டரிடமும் கொடுங்கள். வரவேற்பு அன்று மதியம் மூன்று மணிக்கு மேசை போடும்போது உங்கள் வீட்டு ஆள் ஒருவர் டேப்போடு அங்கே இருக்க வேண்டும். நான்கு மணிக்குமேல் பேப்பர் விரித்துவிடுவார்கள். அதன்பிறகு யாரும் மேசையை நகர்த்தமாட்டார்கள்.